ட்ரம்மில் நின்ற தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ஹென்னூர் பக்கம், ஏழாவது மாடி ஃப்ளாட். அவள் மகள் பிரிசியின் வீடு அது. அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள் பிரிசியின் பெண் ரியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு வயது. புதிதாகத் தங்கமீன் தொட்டி வைத்திருக்கிறாள். நாலடி நீளக் கண்ணாடி, உள்ளே ரெண்டே ரெண்டு ஒராண்டா. தலையில் கொண்டை வைத்து, வயிறு உப்பி, வாலை இழுத்துக்கொண்டு நீந்த முடியாமல் நீந்தும் சாதி. நாலு பேர் குடியிருக்கும் அளவு இடத்தில் ரெண்டு பேரை வைத்திருக்கிறாளே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. விவரமான பெண்.

"சின்னத் தாத்தா, இப்ப தண்ணி மாத்தப் போறேன், பாருங்க" என்றாள். குழாயைத் திறந்து வாளியில் நேராகப் பிடித்தாள். ஒரு குட்டி பாட்டிலைக் கவிழ்த்து ரெண்டு சொட்டு விட்டாள். குச்சியால் ஒரு கலக்கு. "அவ்ளோதான். க்ளோரின் செத்துடுச்சு."

அந்த வாளியிலிருந்து வந்த வாடை என் மூக்கில் ஏறியதும் நான் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தலை நரைத்த ஆள் ஒரு வாளிக்குப் பயந்து ஓடுகிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் அந்த ரெண்டு சொட்டு இருந்திருந்தால், அக்காவுக்கு இன்றைக்கு ரெண்டு காதும் இருந்திருக்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில் அப்பா காலத்தோடு சுரங்க வேலை போச்சு, இனி ஆள் எடுக்க மாட்டார்கள் என்று ஆனபிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. வாங்கிக் கொடுத்தது மாமா. அக்காவின் புருஷன், லேத் பட்டறையில் டர்னர். கை அவ்வளவு சுத்தம். தலைமயிர் கனத்துக்கு இரும்பைச் சீவி எடுப்பார் என்று பட்டறையில் சொல்வார்கள். அந்தக் கையால்தான் அக்காவை அடிப்பார்.

அதே கையால்தான் மொட்டை மாடியில் மீனுக்குத் தொட்டியும் கட்டினார். அஞ்சடிக்கு மூணடி, தண்ணீர் ஓரடி உயரம்தான். ஆழமாகக் கட்டினால் இந்தக் குண்டு மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சிரமப்படுமாம். புது சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும் என்று வாழைத்தண்டை வெட்டிப்போட்டு மூன்று வாரம் ஊற வைத்தார். தண்டு அழுகி வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு ஜெயம்மா ரெண்டு தடவை சண்டைக்கு வந்தாள். வெயிலுக்குப் பாதித் தொட்டிக்குத் தட்டி, பருந்துக்கு மேலே வலை. சிவாஜிநகரில் இருந்து ஒராண்டாவும் ப்ளாக் மூருமாகப் பதினோரு மீன் வந்தது. மீனைத் தூக்க அவர் வலை போட மாட்டார். ப்ளாக் மூருக்குக் கண் வெளியே பிதுங்கி இருக்கும், வலை உரசினால் போய்விடும். ரெண்டு உள்ளங்கையையும் நனைத்து, அடியில் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல எடுப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நான் மணிக்கணக்கில் மாடியில் நின்றிருக்கிறேன். அவர்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடிப்பதற்கு முன்னால் மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றி, சாவி கொடுத்து, டிவி மேல் மெதுவாக வைப்பார். கத்த மாட்டார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் பிரிசி, அப்போது ஆறு வயசு, கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுவேன். ஒரே டீயை அரைமணி நேரம் குடிக்கும் வித்தை எனக்கு அங்கேதான் வந்தது. திரும்பி வரும்போது அக்கா முகம் கழுவியிருப்பாள். ஒருநாள் உதடு கிழிந்திருக்கும். ஒருநாள் கொத்துமுடி தரையில் கிடக்கும், துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருப்பாள். "சாப்டியாடா?" என்று என்னைத்தான் கேட்பாள்.

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். எங்கள் தெருவில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். அதை அப்படியே மீனுக்கு விட முடியாது, பிளீச்சிங் மருந்து கலந்திருக்கும். அதனால் மாடிப்படிக்குக் கீழே ரெண்டு நீல ட்ரம். வாயைத் திறந்து, கொசு விழாமல் அக்காவின் பழைய புடவைத் துணியைக் கட்டி, ரெண்டு நாள் நிறுத்தி வைக்க வேண்டும். மருந்தெல்லாம் பறந்து போகும். எந்த ட்ரம்மை என்றைக்குப் பிடித்தது என்று மாமா சாக்பீஸால் கிழமை எழுதி வைப்பார். வெள்ளி என்று எழுதியிருந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் அதைத் தொடலாம், அதுவும் அவர்தான் தொடலாம். வீட்டில் அரிசி களையத் தண்ணீர் இல்லாத நாளிலும் அந்த ட்ரம் தளும்பிக்கொண்டு நிற்கும். ஒருமுறை பிரிசிக்குக் காய்ச்சல் என்று அக்கா அதில் ஒரு சொம்பு எடுத்தாள். அந்தச் சொம்பாலேயே அடி விழுந்தது. சொம்பின் விளிம்பு நசுங்கிப் போயிற்று. நசுங்கின சொம்பில்தான் அதற்கப்புறம் எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன், தெரிகிறது.

எங்கள் ஆபீஸில் டைப்பிஸ்ட் ஒருத்தி, மல்லேஸ்வரத்துப் பெண். வீட்டுக்குக் காபி குடிக்க வாங்க என்று சொல்லிவிட்டாள். எல்லோரையும்தான் கூப்பிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. நான் என்னை மட்டும் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு, காலையிலேயே தலைக்கு அரை பாட்டில் எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தேன். அக்காவும் பிரிசியும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். மாமாவுக்கு ஓவர்டைம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. எண்ணெய் கண்ணில் இறங்குகிறது. ட்ரம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு வாளி என்றுதான் ஆரம்பித்தேன். சீயக்காய் போகவில்லை, இன்னும் ரெண்டு. அப்புறம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையையும் அலசினேன். பார்த்தால் ட்ரம்மில் கால்வாசிதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அந்த வாரம் எங்கள் ஏரியாவில் வயிற்றுப்போக்கு பரவியிருந்ததால் மருந்தைக் கூடுதலாகக் கலந்திருந்தார்கள். தண்ணீர் ஆஸ்பத்திரித் தரைபோல நாறியது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் ட்ரம்மை விளிம்புவரை நிரப்பினேன். துணியைப் பழையபடி கட்டினேன். சாக்பீஸில் எழுதிய 'வெள்ளி' அழியாமல் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மல்லேஸ்வரம் போய், ஏழு பேரோடு எட்டாவது ஆளாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ட்ரம் தண்ணீரை விட்டிருக்கிறார். நான் வீடு திரும்பி மாடி ஏறியபோது அவர் அங்கே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. நனைந்த உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி வேறு வாளிக்கு மாற்றினார். ஒன்பது செத்தது. ரெண்டு ப்ளாக் மூர் மட்டும் எப்படியோ பிழைத்தது. அவர் அழுதார். நான் பார்த்தேன்.

கீழே இறங்கி வந்து கடிகாரத்தைக் கழற்றினார்.

அதற்குள் நான் கீழே போய்த் தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "ட்ரம்ம யாரு தொட்டது?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அக்கா. நெஜமாகவே தெரியாது, அவள் சர்ச்சில் இருந்தாள். அவர் நம்பவில்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தார். அவள் சுவரில் மோதித் திரும்பி வந்ததும் அதே இடத்தில் மறுபடி. மறுபடி. குழம்புக் கரண்டி என் தட்டில் வந்து விழுந்தது. அவள் காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கி ரவிக்கை நனைந்தது. அப்போதும் விடவில்லை, விழுந்தவளை உதைத்தார்.

அன்றைக்கு நான் செருப்பு மாட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. 'நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், நீங்களே சொல்லிப் பாருங்கள். வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கக்கூட இல்லை, துப்பவும் இல்லை. ஜெயம்மா கதவைத் தட்டி உள்ளே வந்து அவரைப் பிடித்துத் தள்ளும்வரை அப்படியே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா, வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாள். டாக்டர் நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டார். அந்தக் காது இனி கேட்காது என்றார்.

மறுநாள் மாமா பட்டறைக்குப் போனதும் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தொட்டிச் சுவரை இடித்தேன். கை தோல் உரிந்தது, நிறுத்தவில்லை. தண்ணீர் படியெல்லாம் கொட்டித் தெருவுக்கு ஓடியது. பிழைத்து, காலையில் மாமா மறுபடி தொட்டியில் விட்டிருந்த ரெண்டு ப்ளாக் மூரும் சிமெண்ட் துண்டுகளுக்கு நடுவில் துள்ளின. அதையும் விடவில்லை. ஒன்றைக் கடப்பாரையால். இன்னொன்றைக் காலால். பாதத்துக்கு அடியில் அது நசுங்கினது இன்றைக்கும் தெரிகிறது. அந்த ஆளை ஒரு விரலால் தொட எனக்குத் தைரியம் இல்லை, மீனிடம் காட்டினேன்.

திரும்பினால் படியில் அக்கா. காதில் கட்டு. அதுவரை கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். "எனக்கும் ஒருத்தன் இருக்கான்டா" என்றாள். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஜெயம்மா கன்னடத்தில் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா திரும்புவதற்குள் அக்கா பிரிசியையும் ரெண்டு பை துணியையும் எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கிவிட்டாள். விவேக் நகரில் ஒற்றை அறை. அவள் தையல் தைத்தாள், பிரிசியைப் படிக்க வைத்தாள், அந்த மனிதர் வாசலில் வந்து நின்றபோது கத்தரிக்கோலைக் காட்டித் துரத்தினாள். அத்தனைக்கும் பலம், தன் தம்பி தனக்காகக் கடப்பாரை தூக்கினான் என்ற ஒரே நினைப்பு. நான் எப்படி வாயைத் திறப்பேன்?

இப்போது ஜீவனஹள்ளியில் அந்த வீடு இல்லை, அஞ்சு மாடிக் கட்டிடம் நிற்கிறது. மாமா தங்கவயலில் தனியாகக் கிடந்து செத்துப் போனார். ஜெயம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கிழமை எழுதிய ட்ரம் இந்த ஊரில் யார் வீட்டிலும் இல்லை. தண்ணீரை யாரும் ரெண்டு நாள் நிறுத்தி வைப்பதில்லை. ரெண்டு சொட்டு போதும்.

பால்கனியில் இருந்து உள்ளே வந்தேன். எனக்கு வைத்த டீ மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்து ரியாவிடம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க சின்னத் தாத்தாதான் அன்னிக்கு ஆம்பள மாதிரி நின்னான்." நூறாவது தடவையாக இருக்கும். ரியா என்னை அண்ணாந்து பார்த்தாள். தொட்டிப் பக்கம் ஓடிப் போனாள்.

நான் அக்காவின் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். எப்போதும் அங்கேதான் உட்காருவேன். எத்தனையோ வருஷமாக, சொல்ல வேண்டியதை அந்தக் காதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ட்ரம்மத் தொட்டது நான்தான்க்கா."

அவள் என் வாய் அசைந்ததைக் கவனித்துவிட்டாள். "இன்னாடா சொன்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தை அருகில் கொண்டுவந்தாள்.

"டீ ஆறிப்போச்சுன்னு சொன்னேன்க்கா."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் டம்ளரை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனாள்.