மாமாவின் பட்டாளச் சப்பாத்து

இன்று பொலிஸ்காரர் ஒருத்தர் ஆணிச் சப்பாத்துச் சத்தத்தோடு எங்கள் தெருவால் போனார். எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. மாமாவின் நினைவுதான்.

அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள் நின்றதால் தோணி இறக்க விடமாட்டார்கள். மாமா கடலணையில் நின்று தூண்டில் போடுவார். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் கழித்துவிட்ட சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு மார்கழி மத்தியானம் மாமியையும் என்னையும் கூட்டிப் போனார். அலை அணைக்கு மேலால் அடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, பாசியில ஆணி வழுக்கும். கழட்டிப்போட்டு நில்லுங்கோ," என்றார் மாமி. ஆள் விழுந்தால் பிடித்து மிதக்கட்டும் என்று, உரிக்காத காய்ந்த தேங்காய் இரண்டைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"தேங்காயோட மீன் பிடிக்க வந்தவள் நீ ஒருத்திதான்," என்று மாமா தூண்டிலை வீசினார். அடுத்த அலை அவரையே வீசியது.

மாமி பின்னால் குதிக்கவில்லை. கயிற்று நுனியை இரும்புத் தூணில் சுற்றிவிட்டுத் தேங்காய்களை எறிந்தார். மாமாவின் தலை மறைந்துபோனது. பிறகு ஒரு கை மேலே வந்து தேங்காயைப் பிடித்தது. இருவருமாக இழுத்தோம்.

அணையில் ஏறிய மாமா உப்புத் தண்ணியைத் துப்பிவிட்டுத் தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"பெரிய சப்பாத்தெண்டபடியால் உதறக் கழண்டிட்டுது. அளவானதெண்டால் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்."

மாமி கயிற்றை இன்னும் விடவில்லை.

"அந்த வெள்ளைக்காரன்ர பெரிய காலுக்கு ஒரு பொங்கல் வைக்கோணும்," என்றார். சிரிக்கத் தொடங்கிய மாமி அழுதுவிட்டார்.