வேட்டியை உதறிவிட்டு வந்தவர்கள்

என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வந்திருந்தால் எழுத வந்திருக்க மாட்டேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழாது. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி நான் நினைப்பதை இன்றுவரை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே அய்யனார் காடு. காசா மரமும் வீரை மரமும் பின்னிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலிலும் உள்ளே மண் ஈரமாக இருக்கும். ஒரு மூலையில் குட்டை. அந்த மூலையை ஒட்டி, நிலக்கடலை போடுகிற என் மல்லாட்டைக் கொல்லையும் கிணறும். குட்டையில் தண்ணீர் நிற்கும்வரை என் கிணற்றிலும் நிற்கும். எனக்கும் என் மனைவிக்கும் அந்தத் தண்ணீர்தான் சோறு.

அந்தக் காட்டிலிருந்து காய்ந்த குச்சியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது எல்லையில் நின்று வேட்டியை உதறுவார்கள். பெண்கள் முந்தானையை உதறுவார்கள். ஒரு இலை தவறி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அய்யனார் கேட்பார் என்று பயம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், மரத்தின் மேல் எவ்வளவு பிரியம் இந்த ஜனங்களுக்கு என்று நினைப்பார்கள். பிரியமெல்லாம் கிடையாது. போலீஸ்காரனைக் கண்டு ஒதுங்குகிறவன் போலீஸ்காரன் மேல் பிரியம் வைத்தா ஒதுங்குகிறான்?

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாட்டாண்மைக்காரர், கோலியனூர்ப் பக்கம் மகளைக் கொடுத்த இடத்தில் ஒரு கோயிலுக்குச் சிமெண்டு மண்டபம் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நம் அய்யனார் மட்டும் காட்டில் கிடப்பதா? காட்டைச் செங்கல் சூளைக்கு விற்றால் மண்டபம் கட்டலாம் என்றார். சாமி மரம் ஆயிற்றே என்று கொஞ்சம் தயங்கினார்கள். சாமியையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

சாமியைக் கேட்பது இப்படி. இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது.

சிவப்பு வந்தது.

"கொழந்த குளிக்காம வந்துகீது. குளிப்பாட்டிக் கூட்டிக்கினு வாங்க" என்றார் நாட்டாண்மைக்காரர்.

குளித்துவிட்டு வந்தும் சிவப்பு. பூசாரி திரும்பி உட்கார்ந்து புதிதாகப் பொட்டலம் கட்டினார். இரண்டிலும் வெள்ளையே போனது முன்வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். வெள்ளை வந்தது.

என் மனைவி மட்டும் நாட்டாண்மைக்காரரைக் கேட்டாள். "மாமா, இன்னொரு பொட்டலத்தயும் பிரிச்சிக் காட்டுங்களேன். செவப்பு எங்க கீதுன்னு பாத்துக்கிறோம்."

"சாமி ஒரு தபா சொன்னா சொன்னதுதாம்மா. திரும்பத் திரும்பக் கேக்கறது தப்பு."

"மொத ரெண்டு தபா சொன்னது எந்தச் சாமி மாமா?"

"உன் வூட்டுக்காரன் வாயத் தொறக்க மாட்டான். அவன் பங்குக்கும் சேத்து நீ பேசறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெட்டினார்கள். லாரி லாரியாகப் போயிற்று. நான் சாகும்வரை மறக்காத காட்சி ஒன்று உண்டு. பகலெல்லாம் அடிமரங்களை லாரியில் ஏற்றியவர்கள், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லையில் நின்று வேட்டியை உதறினார்கள். இலை ஒட்டியிருக்கப் போகிறதாம்.

மண்டபம் தூணோடு நின்றது. மரம் போனதும் மண் சரிந்து குட்டை மேடாகிப்போனது. அடுத்த கோடையில் என் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது.

அப்புறம் விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி மரம் நடு விழாவுக்கு வருகிறார் என்றார்கள். தரிசு நிலத்தைக் காடாக்கும் திட்டமாம். தரிசு எது என்றால், நாங்கள் மொட்டையடித்த அய்யனார் காடுதான். வெட்டிய கட்டைகளிலிருந்து தளிர் கிளம்பி இடுப்பு உயரம் வந்திருந்தது. காடு தானாகவே வரப் பார்த்தது. அது புதராம், அசிங்கமாம். அதிகாரி கண்ணுக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தளிரையெல்லாம் கழித்து எரித்தார்கள். தைல மரக் கன்றுகளுக்குக் குழி எடுத்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் நாட்டாண்மைக்காரர் என்னிடம் வந்து, "உன் கெணத்தாண்ட கீற மூலையையும் செரைச்சிடணும். ஜீப்பு அங்கதான் நிக்கும்" என்றார். அந்த மூலைதான் குட்டையின் கரை. அங்கே மட்டும்தான் தளிர் மிச்சம். நான் தலையாட்டினேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீ பேச வாணாம்யா. சூளைக்குப் போய் ஒரு செங்கல்லு எடுத்துக்கினு வா."

பேசாத வேலை எனக்கு வரும். கொண்டுவந்தேன். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு காசாக் கட்டையின் அடியில் நட்டு, மஞ்சள் துணியைத் தளிரில் கட்டினாள். அவ்வளவுதான். காலையில் அரிவாளோடு வந்தவர்கள் பத்தடி தள்ளியே செருப்பைக் கழற்றினார்கள். யார் வைத்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. ஜீப்பு ரோட்டிலேயே நின்றது. அதிகாரி ஒரு கன்றை நட்டு, இங்கே ஒரு காடு வரும் என்று பேசினார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரும் போகவில்லை. காய்ந்துபோயிற்று.

மூலை வளர்ந்தது. இப்போது என் தலைக்கு மேல் நிழல். குட்டையில் முழங்கால் தண்ணீர். கிணற்றில் வாளி தரை தட்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நாட்டாண்மைக்காரர் ஆட்களோடு வந்து என் மனைவியிடம் கேட்டார். "செங்கல்லாத்தாவுக்கு ஒரு கூரை போடலாம்னு ஊரே நெனைக்குது. இந்த நாலு மரத்த எடுத்துட்டா போதும். நீ இன்னாம்மா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது மாமா? ஆத்தாவக் கேப்போம். பொட்டலம் நான் கட்றேன்."

சிவப்பு வந்தது.

"இன்னொரு தபா…" என்று இழுத்தார்.

"ஒரு தபா சொன்னா சொன்னதுதான் மாமா. திரும்பக் கேக்கறது தப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

மிச்சப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஊராக இருந்தால் காடு போயிருக்காது. நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். எல்லையில் நின்று ஒவ்வொருவராக வேட்டியை உதறிவிட்டுப் போனார்கள்.

1989, ஆவணி மாதம் பத்தாம் தேதி.