கசங்காத சீருடை

மூன்றாம் வகுப்பில் இருந்த அந்தச் சிறுமியின் சீருடையில் ஒரு சுருக்கம் இருக்காது. இரட்டைச் சடையில் ஒரு முடி பிசிறியிருக்காது. கம்பம் ஊரை ஒட்டிய எங்கள் தொடக்கப் பள்ளியில், பிள்ளையை எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கு அவளைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். ஆனால் முதல் பாடவேளை முடிவதற்குள் அவள் தலை மேசையில் சாய்ந்துவிடும். காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்ததால் பசி மயக்கம் என்றும் சொல்ல முடியாது. வாய்ப்பாடு மறந்துபோனது, வாசிப்பும் பின்தங்கியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டில் டிவியும் செல்போனும் விடிய விடிய ஓடுகின்றன என்று முடிவே கட்டிவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்தார். அவருக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை. கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் விடியும் முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். கணவர் திருப்பூரில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்தான் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். நான் என் வழக்கமான பாட்டைப் பாடினேன்: நேரத்தோடு தூங்க வையுங்கள், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எட்டு மணிக்கெல்லாம் படுக்க வச்சிருவேன் டீச்சர். செல்லு எங்கிட்டதான் இருக்கும். காலையில அவளுக்குச் சிரமம் வேண்டாம்னு ராத்திரியே சடை பின்னி, யூனிஃபார்மையும் போட்டு விட்டுருவேன். எங்க ஜீப்புல வாற பொம்பளைக எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாக.”

“அப்புறம் ஏன் நீ தூங்குறதில்ல?” என்று பக்கத்தில் நின்ற சிறுமியைக் கேட்டேன்.

“உருண்டு படுத்தா கசங்கிரும்ல டீச்சர்.”

பாவாடையை இழுத்துப் பிடித்தபடி, மல்லாந்து அசையாமல் கிடப்பாளாம். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது; இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

“இனிமே பழைய கவுன்லயே படுக்கட்டும். தலையை இங்கன நான் பின்னி விடுறேன்” என்றேன்.

மறுநாள் முதல் அவள் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரித் தலையோடு வந்தாள். ஆனால் கண் தெளிந்திருந்தது. நான் சடை பின்னி முடிப்பதற்குள் மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிடுவாள். பெரிய சாதனை செய்துவிட்டது போல நான் மிதப்பில் இருந்தேன்.

ஒரு காலையில் மறுபடியும் பிசிறில்லாத சடை, கசங்காத பாவாடை, மேசையில் சாய்ந்த தலை. அந்த அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். அவளை எழுப்பி, “அம்மா போட்டு விட்டாகளா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். சடை மட்டும் காலையில பக்கத்து வீட்டு அத்தை பின்னுனாக. யூனிஃபார்ம் ராத்திரி அம்மா தூங்குனப்புறம் நானாத்தான் போட்டுக்கிட்டேன். பழைய கவுன்ல கிடந்தா, என்னையப் பாத்து அழுதுட்டே அம்மா ஜீப்புக்குப் போகுது. யூனிஃபார்ம்ல பாத்தா அழுகாம போயிருது.”

சொல்லிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் எழுப்பவில்லை.

இன்றும் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். தோட்டத்து ஜீப்புக்குப் போகும் தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்து கேட்கிறார்கள். பாதியிலேயே அவர்களுக்குக் கண் சொருகிவிடுகிறது. நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.