எஸ்தர் சித்தி காதால் பார்த்த படம்

எஸ்தர் சித்தி போய்விட்டாள். இன்று காலை, கேளம்பாக்கத்தில், மகன் வீட்டில்... டீ கேட்டிருக்கிறாள். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அழுதுகொண்டு உட்கார்ந்தால் அவளுக்குப் பிடிக்காது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் தங்கை அவள். எழுபதுகளில் எங்களோடுதான் இருந்தாள், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில். பகலெல்லாம் கட்டட வேலை. சாயங்காலமானால் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டில் அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அப்பா சபையில் மூப்பர். அவருக்குச் சீட்டாட்டம் பாவம், கேரம் போர்டு பாவமில்லை.

"சீட்டுலயும் ராணி கீது, கேரம்லயும் ராணி கீது. இந்த ராணி மட்டும் இன்னா ஞானஸ்நானம் வாங்கிகினு வந்தாளா மாமா?" என்பாள் சித்தி.

"பேசாம ஸ்ட்ரைக்கர அடி" என்பார் அப்பா.

அம்மாவுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதை. கதாநாயகி அழுதால் நல்ல கதை, சிரித்தால் உருப்படாத கதை... அவ்வளவுதான் விமர்சனம்.

சித்திக்குப் பாட்டு. கோயிலில் கீர்த்தனையை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள் என்று அவளுக்குத் தீராத கோபம். "இந்த இழுப்புக்குக் கர்த்தரே கொட்டாவி வுடுவாரு." அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்பார்.

அந்த வருஷம் லெந்து நாட்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்கள் சபையில் யாரும் சினிமா பார்க்கக் கூடாது. பார்த்தால் ஈஸ்டர் அன்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. சித்திக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். கூலியில் மிச்சம் பிடித்து அதற்கென்றே ஒரு புடவை எடுத்து வைத்திருந்தாள்.

அப்போது பார்த்து ரோட்டோர டென்ட் கொட்டாயில் அவள் ஆசைப்பட்ட படம் வந்தது. தம்பி செய்த குற்றத்துக்கு அண்ணன் ஜெயிலுக்குப் போகிற கதை. ஈஸ்டர் வரை ஓடுமோ ஓடாதோ...

சித்தி யோசிக்கவே இல்லை. சாயங்காலம் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போய், கொட்டாய்க்கு வெளியே, கீற்றுத் தட்டிக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஓடுகிற படம் வெளியே நன்றாகவே கேட்டது.

காற்று கடல் பக்கம் திரும்பினால் வசனம் அதோடு போய்விடும். அந்த இடத்தையெல்லாம் அவளே பேசி நிரப்பினாள். அண்ணனுக்கு ஒரு குரல், தம்பிக்கு ஒரு குரல். நான் பார்த்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் சொல்வேன்.

விஷயம் அப்பா காதுக்கு வந்தது.

"இன்னா எஸ்தரு, லெந்துல சினிமாவாமே?"

"நான் எங்க மாமா பாத்தேன்? கேட்டுகினு இருந்தேன். கேக்கக் கூடாதுன்னு எந்த வசனத்துல கீது, காட்டு."

அப்பா பைபிளை எடுத்தார். புரட்டினார். மூடி வைத்தார்.

"அழுவுற படம்தானே? லெந்துக்கு அழுவலாம்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மறுநாளும் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இழுத்து வருகிறேன் பார் என்று அப்பா டார்ச்சோடு வந்து நின்றார். உள்ளே அண்ணனுக்குத் தீர்ப்புச் சொல்கிற நேரம்.

"எழுந்திரு" என்றார்.

"தோ, இரு மாமா... ஜட்ஜு பேசிகினு கீறாரு."

அப்பா நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குந்தினார். படம் முடிந்த பிறகுதான் மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். "வக்கீல் சரியில்ல" என்று மட்டும் சொன்னார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஈஸ்டருக்குச் செங்கல்பட்டிலிருந்து போதகர் ஐயா வந்தார். யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்... சித்தியை மட்டும். ஆராதனைக்கு முன்னால் எல்லார் எதிரிலும் கேட்டார்.

"ஆமாங்க ஐயா, வெளியில உக்காந்து கேட்டேன்" என்றாள். தலை குனியவில்லை.

"கூட யாரும்மா இருந்தது?"

அப்பா காணிக்கைத் தட்டோடு போதகருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

சித்தி அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "இருட்டுங்க ஐயா. யார் மூஞ்சி தெரிஞ்சிது?"

"அப்போ நீ இன்னைக்குப் பந்திக்கு வர வேணாம்மா."

"சரிங்க."

புதுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அங்கே இருந்த எல்லோர் மேலும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பந்தி ஆரம்பித்தது. மூப்பர்தான் முதலில் போய் முழங்காலிட வேண்டும். அப்பா தட்டை மேஜை மேல் வைத்தார். நேராகப் பெண்கள் பக்கம் நடந்து வந்து, எங்கள் பாயில், சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூப்பரே..." என்றார் போதகர்.

"இருட்டுல அவளுக்கு என் மூஞ்சி தெரியலீங்க ஐயா. எனக்கு அவ மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிது."

போதகர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அம்மா திருவிருந்து எடுத்துவிட்டு வந்து, இரண்டு பேரையும் முறைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"படம் இன்னும் ஓடிகினுதான் கீது. நாளைக்கு உள்ளயே போயி பாத்துடலாம் மாமா" என்றாள் சித்தி, குரலைத் தாழ்த்தி.

"தரை டிக்கெட்டுதான்" என்றார் அப்பா.

நாளை மதியம் கேளம்பாக்கத்தில் அடக்கம். அவளைத் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

போய் வா, எஸ்தர் சித்தி. அப்பா முன்னாடியே போய் இடம் போட்டிருப்பார்.