மேல்மாடியில் ஓர் ஓட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவின் பத்து பகாட்டில் எனக்கு ஓட்டு என்று ஒன்று இருந்த இடம் எங்கள் சங்கம் மட்டும்தான். ஆண்டுக் கூட்டம் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடக்கும். அறைக்குள் இருந்து தூக்கும் கைதான் கணக்கு, விதி அப்படி.

கிராணி என்கிற எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரை நோயால் என் கால்களில் ஒன்றை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தேன். அந்த மரப்படிகளோ ஏணிபோல் செங்குத்தானவை. அவ்வருடம் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

"சாமி பொறப்பாடு, வழி விடுங்க லா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிப் படியில் தொங்குபவன் வேறென்ன செய்வான்?

மறுவருடம், கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்தக் கோரி முறைப்படி தீர்மானம் அனுப்பினேன். அன்று கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து காத்திருந்தேன். செயலாளர் மாலையோடு இறங்கி வந்தார். பின்னால் கூட்டமே வந்தது.

"கிராணி ஐயா, இனிமே நீங்க எங்க கௌரவப் போஷகர். இப்பதான் முடிவு பண்ணோம். ஏறி எறங்கற கஷ்டமே வேணாம்."

"போஷகருக்கு ஓட்டு கெடையாதே, தம்பி."

"உங்களுக்கு எதுக்குங்க ஐயா ஓட்டு? நீங்க பெரியவரு!"

கழுத்தில் மாலை விழுந்தது. கைதட்டினார்கள். மாலை போட்டவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு எந்த விதியிலும் வழி இல்லை. எல்லோரும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க மேலே போய்விட்டார்கள். தலைக்கு மேல் நாற்காலிகள் நகர்ந்தன, பிறகு அமைதி. கை தூக்குவதற்குச் சத்தம் கிடையாது.

கூட்டம் முடிந்து செயலாளர் மறுபடி வந்தார்.

"உங்க தீர்மானத்த எடுக்க முடியலீங்க ஐயா. கொண்டு வந்தவரு உறுப்பினரா இருக்கணுமாம். நீங்கதான் இப்ப போஷகராச்சே."

விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் முகத்தில் சூதும் இல்லை. சூது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தனியாகத்தான் வீடு திரும்பினேன். மாலையைக் கழற்றினால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டும் ஊன்றுகோல்களில் இருந்தன. தெருமுனையில் காப்பிக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"என்ன ஐயா, தேர்தல்ல ஜெயிச்சிட்டீங்களா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். விளக்குவதென்றால் நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் அது பெரிய வேலை.