மாடிப்படிக்கு அடியில் ஒரு கிரைண்டர்

கண்ணுகளா, நாம் இருக்கும், அரசாங்கம் கட்டிக் கொடுத்த இந்தக் குடியிருப்பை இடிக்காமல் பழுது பார்த்த கதையை எழுதி வைக்கிறேன். அப்போது நீங்கள் லீவுக்குப் பொள்ளாச்சியில் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள்.

கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. இடிக்க வேண்டாம், ரிப்பேர் செய்தால் போதும் என்று குடியிருப்பவர்கள் எல்லோரும் கேட்டோம். அரசாங்கமும் சரியென்றது. என்னென்ன செய்வதென்று எங்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமாம். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். வாசலில் நாற்காலி போட்டு டீ கொடுத்தோம். சுவரில் ஈரம் ஏறுவதால், எல்லா வீட்டுக் கரண்ட் மீட்டரையும் மாடிப்படிக்கு அடியில் மாற்றப் போவதாகச் சொன்னார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அங்கேதான் கீழ்வீட்டு அக்காவின் கிரைண்டர் இருந்தது. கணவர் இறந்த பிறகு, மாவு அரைத்து விற்றுத்தான் மகளைக் காலேஜில் படிக்க வைக்கிறார். ஆர்.எஸ்.புரத்திலிருந்துகூட வந்து வாங்கிப் போவார்கள். வீட்டுக்குள் கிரைண்டரை வைக்க இடம் கிடையாது. ஆனால் அந்த அக்காவே, "செய்யுங்க சார், பரவாயில்லீங்க" என்றார். நாங்களும் தலையாட்டினோம். வந்தவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல நம் பக்கத்து ஆட்களுக்கு வராது.

அவர் போனதும் அக்கா கிரைண்டரைக் கழுவித் துடைத்தார். விற்க ஆள் பார்க்கச் சொன்னார்.

உங்கள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, டீ ஊத்திக் குடுக்கத்தான் மீட்டிங் போட்டீங்களா? அத்தன பேரும் பூம்பூம் மாடாட்டம் தலையாட்டிப்போட்டு வந்துட்டீங்க!"

"நீயும் அங்கதான இருந்த?"

"நானுந்தான் ஆட்டுனேன். அதான் வவுறு எரியுதுங்க."

மறுநாள் இன்ஜினியரிடம் போய் அக்காவின் கிரைண்டர் விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்து ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையே?"

"நீங்க எங்க எதுக்கால, மூஞ்சிக்கு நேரா உக்காந்திருந்தீங்க சார். எப்படிங்க சொல்றது?"

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நான் இல்லாமத்தான் மீட்டிங் போடணும் போல."

அன்று மாலை அப்படியே செய்தார். கட்டடத்தின் படத்தை வாசல் தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டு, "நான் பேக்கரிக்குப் போய்ட்டு வர்றேன். அதுக்குள்ள சண்டை போட்டு முடிச்சுக்கங்க" என்று கிளம்பினார்.

அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், சண்டை ஆரம்பித்துவிட்டது.

"கிரைண்டர் சத்தத்துல மத்தியானம் கண்ணசர முடியறதில்லீங்க" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"உங்க கொறட்டைல அது எங்கீங்க கேக்குது?" என்றார் எதிர்வீட்டில் தையல்கடை வைத்திருக்கும் பாய்.

அக்காவே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். "எனக்கு அந்த எடம் வேணுமுங்க. இல்லீன்னா புள்ள படிப்பு நின்னு போயிருமுங்க. மத்தியானத்துல வேணா ஓட்டாம இருந்துக்கறேன்."

பாய் சாக்பீஸை எடுத்து, வண்டி நிறுத்தும் பக்கத்துச் சுவரில் ஒரு கட்டம் போட்டார். "இங்க மேல தகரம் அடிச்சா மீட்டர் நனையாதுங்க." தன் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொள்வதாக முதலில் சொன்னவர் மேல்வீட்டுக்காரர்தான்.

திரும்பி வந்த இன்ஜினியர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார், அளந்தார். "செய்யலாம்" என்றார்.

பூச்சு வேலை முடிந்த அன்று கொத்தனார்கள் போய்விட்டார்கள். அக்காவும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும், கிரைண்டர் திரும்பி வர வேண்டிய மாடிப்படிக்கு அடியில் குனிந்து போய், சிந்திக் கிடந்த சிமென்ட்டைக் கூட்டி அள்ளினேன். ஈரத்துணியால் தரையைத் துடைத்து, காயட்டும் என்று விட்டுவிட்டு மேலே வந்தேன்.