நோட்டில் மடங்கிய விரல்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா டவுன் பஸ் படியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை அவளுக்கு. வறுத்த கொட்டையைக் கட்டையால் ஒரே தட்டில், பருப்பு சிதறாமல் பிளப்பாள்.

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். முடிந்ததும் ஒரு சிஸ்டர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பேசியவர் அவர் ஒருவர்தான். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை இன்றிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும், வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு நாலு வேளை என்றார். அம்மாவைச் செய்ய வைத்துப் பார்த்தார். திருப்பிச் சொல்லவும் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அம்மா வலிக்குதும்பாங்க. நீ விட்றக் கூடாது. செஞ்சதும் நோட்டுல டிக் போடு. எலும்பு தானா ஒட்டிக்கும், வெரலு தானா மடங்காது.”

வகுப்பில் போர்டு துடைக்கக்கூட யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

வீட்டில் எங்களோடு இருந்த அத்தைக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டினால் எலும்பு விலகிவிடும், சிஸ்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்றாள். அப்பாவும் அதையே சொன்னார். சோறு ஊட்டினார்கள், தலை சீவிவிட்டார்கள், கையைத் துண்டில் தொட்டில் கட்டி அசையாமல் வைத்தார்கள். அம்மாவை அவர்கள் அவ்வளவு பிரியமாக நடத்தி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் அம்மாவும் இரண்டு நாள் செய்தோம். நடுவிரல் பாதி மடங்குவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் நோட்டை எடுத்து வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“செஞ்சேன்னு போட்டுரு கண்ணு. முடியலடி.”

போட்டேன். அடுத்த வேளைக்கு அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரமும், சந்தேகம் வராதபடி பேனாவை மாற்றி மாற்றிப் போட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று சிஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்திலிருந்த இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அம்மாவிடம் கையை மூடச் சொன்னார். விரல்கள் வீங்கிப் பளபளவென்று விரிந்தபடியே நின்றன. இன்னொரு முறை சொன்னார். அம்மாவின் முகம்தான் சுருங்கியது. சிஸ்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். நாந்தான் போடச் சொன்னேன்.”

சிஸ்டர் திட்டவில்லை. தினமும் வந்து பயிற்சி எடுத்தால் ஓரளவு திரும்பலாம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா நாலு நாள் கூட்டிப்போனார். ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டும், அதோடு நின்றது. அந்தக் கை பிறகு மூடவே இல்லை. கட்டையைப் பிடிக்க முடியாமல் அம்மா இடது கையால் பருப்பின் தோலை உரிக்க உட்கார்ந்தாள். அதிலும் மெதுவாக இருக்கிறாளென்று மறு வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை அவளால் போட முடியாது.

கட்டுப் பிரித்துத் திரும்பிய பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பொய் பிடிபட்டும் சிஸ்டர் திட்டவில்லை, அப்பா அடிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்து, அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.